ஆன்லைனில் கருக்கலைப்பு மாத்திரை வாங்குவது பாதுகாப்பானதா?

நாள் தள்ளிப்போயிருக்கிறது, வீட்டில் செய்த பரிசோதனையில் இரண்டு கோடு வந்திருக்கிறது, ஒரு இணையதளம் "மருந்துச் சீட்டு வேண்டாம், பத்து நாளில் வீடு தேடி வரும்" என்கிறது. அந்த மாத்திரை அசலா போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மாத்திரையைப் பற்றியது போல இருந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது, யாரிடமும் போகாமல் நானே இதை எடுத்துக்கொண்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடுமா என்பதுதான். போலி மாத்திரை பற்றிய பயம் நியாயமானது. ஆனால் மருத்துவமாகப் பார்த்தால் அதற்கு முன்னால் இரண்டு ஆபத்துகள் நிற்கின்றன. ஒன்று, எத்தனை வாரம் என்ற கணக்கு தவறிப்போவது. இன்னொன்று, கரு கர்ப்பப்பைக்கு உள்ளே இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருப்பது. எதையும் கேட்காமல் அனுப்பும் தளத்தின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. அது அனுப்பும் மாத்திரை நூறு சதவீதம் அசலாகவே இருந்தாலும், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க அங்கே ஆள் இல்லை.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மருந்து வழிக் கருக்கலைப்பில் பயன்படுபவை இரண்டு மருந்துகள். முதல் மருந்து மிஃபெப்ரிஸ்டோன். கர்ப்பம் நிலைத்திருக்கத் தேவையான புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் வேலை செய்யாதபடி இது தடுக்கிறது. இரண்டாவது மிசோபிரோஸ்டால். வலி மாத்திரைகளால் வரும் வயிற்றுப்புண்ணுக்காக வந்த மருந்து இது. கர்ப்பப்பை வாயை இளக்கி, கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து, உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது. மிஃபெப்ரிஸ்டோனுக்கு 1988இல் பிரான்சிலும் 2000இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இந்த இரண்டையும் இப்பயன்பாட்டுக்காக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் முதன்மைப் பட்டியலுக்கு மாற்றி, நெருங்கிய மருத்துவக் கண்காணிப்பு தேவை என்ற குறிப்பையும் எடுத்துவிட்டது. அதன் 2022 வழிகாட்டுதல், 12 வாரத்துக்குள் இருக்கும் ஒரு பெண் சரியான தகவலும் தரமான மருந்தும், தேவைப்பட்டால் போய்ச் சேர ஒரு மருத்துவமனையும் இருந்தால், வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம் என்கிறது. ஆகவே "வீட்டில் எடுத்தால் உயிர் போய்விடும்" என்று மிரட்டுவது சரியல்ல. அதே சமயம் அந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தாது. எதையும் கேட்காமல் அனுப்பும் தளத்தில் ஆர்டர் போட்டால் மூன்றுமே சேர்ந்து விட்டுப்போகலாம்.

வாரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்தின் வயது உறவு வைத்த நாளிலிருந்தோ, நாள் தள்ளிப்போன தேதியிலிருந்தோ எண்ணப்படுவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவருக்கு ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பம் ஏற்கெனவே ஐந்து வாரம். "ஒரு வாரம்தான் ஆகிறது" என்று நினைத்துக்கொண்டு ஆர்டர் போடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இன்னொரு தவறு, ஆர்டர் செய்த நாளை வைத்துக் கணக்குப் பார்ப்பது. மாத்திரையை வாயில் போடும் நாளில் எத்தனை வாரம் என்பதுதான் கணக்கு. இன்று எட்டு வாரம் என்றால், பொட்டலம் வர மூன்று வாரம் ஆனால், பதினொன்று. வலி, ரத்தப்போக்கு, மிச்சம் தங்கும் வாய்ப்பு எல்லாம் வாரத்துக்கு வாரம் கூடும். அமெரிக்க ஒழுங்குமுறை 70 நாளோடு, அதாவது பத்து வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறது. 12 வாரத்தைத் தாண்டினால் அளவும் முறையும் வேறு, இடமும் வேறு. அதை வீட்டில் செய்யக் கூடாது.

தேதி சரியாக நினைவில்லை, மாதவிடாய் எப்போதும் முன்பின்னாகத்தான் வரும், அண்மையில்தான் கருத்தடை மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தினேன், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், கடைசி மாதவிடாய் வழக்கத்தைவிட மிகக் குறைவாக, இரண்டு நாள் மட்டும் வந்து நின்றது: இவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் உங்கள் கணக்கை நம்பாதீர்கள். அந்தக் கடைசிக் குறைந்த உதிரம் மாதவிடாயே இல்லாமல் கர்ப்பத்தின் ஆரம்பக் கசிவாக இருக்கலாம். அப்படியானால் கர்ப்பம் நீங்கள் நினைப்பதைவிட ஒரு மாதம் கூடுதல். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ஸ்கேன் அவசியம். தேதி நன்றாக நினைவிருந்து, சுற்றும் ஒழுங்காக இருந்து, அடுத்துச் சொல்லப்போகும் எச்சரிக்கைகள் எதுவும் இல்லாதவருக்கு ஸ்கேன் கட்டாயமில்லை என்பதே இன்றைய நிலைப்பாடு.

இரண்டாவது ஆபத்து குழாய் கர்ப்பம். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடுகின்றன. மிஃபெப்ரிஸ்டோனும் மிசோபிரோஸ்டாலும் அதைக் கலைக்காது. கலைக்காததோடு நிற்பதில்லை, ஏமாற்றவும் செய்யும். மிசோபிரோஸ்டால் எடுத்ததும் கர்ப்பப்பையின் உட்சவ்வு உதிர்ந்து ரத்தம் போகும். பார்ப்பவர் கலைந்துவிட்டது என்று நிம்மதியடைவார். குழாயில் கரு வளர்ந்துகொண்டே இருக்கும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஆகவே முன்பு ஒரு முறை குழாய் கர்ப்பம் ஆனவர், குழாயில் அறுவை செய்துகொண்டவர் (குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்த பிறகும் கர்ப்பமானவர் உட்பட), கர்ப்பப்பையில் காப்பர் டி போன்ற சாதனம் இருக்கும்போதே கர்ப்பமானவர், இடுப்புப் பகுதியில் தொற்று வந்து சிகிச்சை எடுத்தவர், இப்போதே அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியோ விட்டுவிட்டு ரத்தக் கசிவோ இருப்பவர், இவர்கள் யாரும் ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் கருவைப் பார்க்காமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஒரு பக்க வலி கூடிக்கொண்டே போவது, தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, தலைசுற்றி மயக்கம் வருவது ஆகியவை வெடிப்பின் அறிகுறிகள். தோளில் அடிபடாமலே தோள் வலிப்பதை யாரும் வயிற்றோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வயிற்றுக்குள் தேங்கும் ரத்தம், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத்திரையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. அப்போது மாத்திரையை மறந்துவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வேறு சிலருக்கும் இந்த மருந்து ஆகாது. ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அட்ரினல் சுரப்பி செயலிழந்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், பரம்பரை போர்ஃபைரியா (ரத்த நிறமி உருவாவதில் வரும் அரிய கோளாறு) உள்ளவர்கள், இந்த மருந்துகளுக்கு முன்பே ஒவ்வாமை வந்தவர்கள். கடுமையான ரத்தசோகை இருந்தால், சாதாரணமாகத் தாங்கக்கூடிய ரத்த இழப்பே தாங்காமல் போகலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமாசெபின் அல்லது ஃபெனிடோயின் எடுப்பவர்களுக்கு மிஃபெப்ரிஸ்டோன் உடலில் சீக்கிரம் சிதைந்து பலன் குறையக்கூடும். மாறாக, முன்பு சிசேரியன் ஆனது மட்டுமே ஆரம்ப வாரங்களில் தடையில்லை. தாய்ப்பால் கொடுப்பதும் தடையில்லை. ஆன்லைனில் இவற்றைத் தலைகீழாக எழுதிப் பயமுறுத்துகிறார்கள்.

இப்போது எங்கே வாங்குவது என்பதற்கு வருகிறேன். "ஆன்லைன்" என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வகை அடங்கியிருக்கிறது. ஒரு மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ தொலைபேசியிலோ படிவத்திலோ விசாரித்து, மேலே சொன்ன கேள்விகளையெல்லாம் கேட்டு, பிறகு அனுப்பிவைத்து, பின்னாலும் தொடர்பில் இருக்கும் தொலைமருத்துவ சேவை முதல் வகை. சீட்டைப் பார்த்துவிட்டு மருந்து அனுப்பும் பதிவு பெற்ற மருந்துக்கடையின் இணையதளம் இரண்டாவது. பணம் வந்ததும் பொட்டலத்தை அனுப்பும் தளங்களும், சமூக ஊடகங்களிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் தனி ஆட்களும் மூன்றாவது. ஆய்வு முடிவுகளை எடுத்துக்காட்டுகிறவர்கள் முதல் வகையின் எண்களை மூன்றாவது வகைக்குப் பொருத்திப் பேசுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய குழப்பம்.

முதல் வகைக்கு வலுவான சான்று இருக்கிறது. நெதர்லாந்து மருத்துவர் ரெபெக்கா கோம்பெர்ட்ஸ் 2005இல் தொடங்கிய 'விமென் ஆன் வெப்' வழியாக, கருக்கலைப்புக்கு அப்போது சட்டத் தடை இருந்த அயர்லாந்திலும் வட அயர்லாந்திலும் 2010 முதல் 2012 வரை மாத்திரை பெற்ற ஆயிரம் பெண்களின் விவரம் 2017இல் வெளியானது. சுமார் 95 சதவீதத்தினருக்கு அறுவை தேவைப்படாமலே முடிந்தது. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 52,000க்கும் மேற்பட்ட கருக்கலைப்புகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, எல்லோருக்கும் நேரில் ஸ்கேன் எடுத்த காலத்தையும், தொலைபேசியில் விசாரித்துத் தேவைப்பட்டவருக்கு மட்டும் ஸ்கேன் எடுத்த காலத்தையும் ஒப்பிட்டது. வெற்றி விகிதம் முந்தையதில் 98.2, பிந்தையதில் 98.8 சதவீதம். குழாய் கர்ப்பம் இரண்டிலும் 0.2 சதவீதம்தான். அவற்றில் மாத்திரை எடுத்த பிறகே சிகிச்சை பெற்றவை முந்தையதில் 0.01, பிந்தையதில் 0.03 சதவீதம். இந்த எண்கள் எல்லாம் கேள்வி கேட்ட பிறகு அனுப்பியவர்களுடையவை என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது வகையைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு 2018இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆய்வாளர்கள் சாதாரண வாடிக்கையாளர்களைப் போல 22 ஆர்டர் போட்டார்கள், 20 வந்து சேர்ந்தன. ஒரு தளம்கூட சீட்டோ உடல்நல விவரமோ கேட்கவில்லை. வந்துசேர 3 முதல் 21 வேலை நாள் ஆனது. ஆய்வகத்தில் சோதித்தபோது மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைகள் அநேகமாகச் சரியாகவே இருந்தன: 200 மி.கி. என்று போட்டிருந்தவற்றில் 184 முதல் 204 வரை மருந்து இருந்தது. மிசோபிரோஸ்டாலில்தான் பிரச்சினை. 200 மைக்ரோகிராம் என்று அச்சிட்ட மாத்திரைகளில் 34 முதல் 201 மைக்ரோகிராம் வரை இருந்தது. அதாவது மோசமான ஒன்றில் சொன்னதில் ஆறில் ஒரு பங்கு. சுண்ணாம்புத் தூளை மாத்திரையாக்கி விற்பார்கள் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்தச் சோதனையில் வெளிப்பட்டது வேறு: மருந்து அசல்தான், சில மாத்திரைகளில் வீரியம் போய்விட்டிருந்தது. இருபது பொட்டலம் சிறிய எண்ணிக்கை என்பதால் உங்களுக்கு வரும் பொட்டலத்தைப் பற்றி அது உத்தரவாதம் எதுவும் தராது.

வீரியம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் அட்டையைப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். மிசோபிரோஸ்டால் ஈரத்துக்குச் சற்றும் தாங்காது, சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். அதனால் நல்ல தயாரிப்பாளர்கள் அதை இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் கொண்ட அட்டையில் அடைக்கிறார்கள். ஒரு பக்கம் மாத்திரை கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் குமிழாக இருந்தால் அந்த பிளாஸ்டிக் வழியாகவே மெல்ல ஈரம் புகும். கையில் வந்ததும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தாளில் ஊசி முனை அளவு ஓட்டை, மடிப்பு, கசங்கல், ஓரம் பிரிந்திருப்பது, உள்ளே மாத்திரை நொறுங்கியோ நிறம் மாறியோ இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வேண்டாம். அட்டையிலிருந்து வெட்டி எடுத்த துண்டு, சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்ட உதிரி மாத்திரை, பெயரில்லாத குப்பி ஆகியவற்றை விவாதமே இல்லாமல் ஒதுக்கிவிடுங்கள். அட்டையில் மருந்தின் பெயரும் அளவும், தயாரித்த நிறுவனத்தின் பெயரும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாத்திரையின் நிறமும் வடிவமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவற்றை வைத்து அசல் போலி சொல்ல முடியாது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே எவ்வளவு மருந்து மிஞ்சியிருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல யாராலும் முடியாது. எடுத்துக்கொள்ளும் நேரம் வரை மிசோபிரோஸ்டாலை அட்டையிலிருந்து பிரிக்காமல், உலர்ந்த, சூடில்லாத இடத்தில் வையுங்கள்.

அளவையும் கவனியுங்கள். கருக்கலைப்புக்கான முழுப் பெட்டியில் வழக்கமாக 200 மி.கி. மிஃபெப்ரிஸ்டோன் ஒன்றும், 200 மைக்ரோகிராம் மிசோபிரோஸ்டால் நான்கும் இருக்கும். மிஃபெப்ரிஸ்டோன் வேறு நோய்களுக்காக வேறு அளவுகளிலும் விற்கிறது: கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு 25 மி.கி. போன்ற சிறிய அளவிலும், கார்டிசால் ஹார்மோன் மிகுந்துபோகும் குஷிங் நோய்க்கு 300 மி.கி. அளவிலும். "அதே மருந்துதான்" என்று சிறிய அளவை அனுப்பிவிடுகிறார்கள். மிசோபிரோஸ்டாலும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக வருவதுண்டு. அதை நான்கு, எட்டு என்று எடுத்தால் வலி மருந்தும் தேவைக்கு மேல் உடலில் சேரும். 72 மணி நேரத்துக்குள் போடும் அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரெலைக் கருக்கலைப்பு மாத்திரை என்று விற்பதும் உண்டு. ஏற்கெனவே தரித்த கர்ப்பத்தை அது எதுவும் செய்யாது. மாதவிடாயை வரவழைக்கும் நார்எதிஸ்டிரோன் மாத்திரையும் அப்படித்தான். மூலிகைப் பொட்டலங்கள் கலைக்காததோடு ஈரலைக் கெடுக்கவும் கூடும். பெட்டியில் மிஃபெப்ரிஸ்டோன், மிசோபிரோஸ்டால் என்ற பெயர்கள் இல்லையென்றால் அது வேறு மருந்து, அவ்வளவுதான்.

எடுக்கும் முறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. ஒன்றைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருந்து போயிருக்கலாம், சேவையையோ மருத்துவரையோ கேட்க வேண்டும். அதற்குப் பிறகு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மிசோபிரோஸ்டால் நான்கு மாத்திரை, மொத்தம் 800 மைக்ரோகிராம். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பக்கத்துக்கு இரண்டாகவோ, நான்கையும் நாக்குக்கு அடியிலோ வைத்து 30 நிமிடம் எச்சிலை மட்டும் விழுங்கியபடி இருந்து, பிறகு மீதியைத் தண்ணீரோடு விழுங்கலாம். பெண்ணுறுப்பின் உள்ளேயும் வைக்கலாம். நேராக விழுங்குவதுதான் பலன் குறைந்த முறை, வழிகாட்டல் இல்லாமல் வாங்குபவர்கள் செய்யக்கூடிய தவறும் அதுவே. அந்த 2018 ஆய்வில் வந்த பொட்டலங்களுக்குப் பின்னால் வழிகாட்ட யாரும் இல்லை என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒன்பது வாரத்தைத் தாண்டியவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு நான்கு மாத்திரை கொடுப்பது பல இடங்களில் வழக்கம், ஐந்து மாத்திரைப் பெட்டியில் அதற்கு மருந்து இருக்காது. முடிவை மிஃபெப்ரிஸ்டோனுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். முதல் மாத்திரையோடு நிறுத்திவிட்டு மனம் மாறுவது பாதுகாப்பான வழியல்ல. அந்தப் பாதையை மருந்தால் திருப்பலாமா என்று சோதித்த ஓர் ஆய்வு, பங்கேற்ற 12 பேரில் மூவருக்குக் கடும் ரத்தப்போக்கு வந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது.

வலிக்கு இபுப்ரோஃபென் நல்ல மருந்து, கலைவதை அது தடுக்காது. மிசோபிரோஸ்டாலுக்கு அரை மணி முன்பே 400 முதல் 600 மி.கி. எடுத்து, ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடரலாம். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டும். மிசோபிரோஸ்டால் எடுத்த ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் வலியும் ரத்தமும் தொடங்கும். மாதவிடாயைவிடப் பல மடங்கு அதிகமாக, எலுமிச்சம்பழ அளவு வரை கட்டி கட்டியாகப் போகலாம். குளிர், நடுக்கம், வயிற்றுப்போக்கு, முதல் நாள் லேசான காய்ச்சல் எல்லாம் மருந்தின் வேலைதான். பெரும்பகுதி வெளியேறிய பின் வலி குறைந்து, ஒன்றிரண்டு வாரம் கசிந்துகொண்டிருக்கும். அன்று வீட்டில் விஷயம் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். மயங்கி விழுந்தவரால் போன் எடுக்க முடியாது. மருத்துவமனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொலைவில் இருந்தால் அந்த இரண்டு நாள்கள் மட்டுமாவது அருகில் எங்காவது தங்கிக்கொள்வது நல்லது.

எப்போது கிளம்ப வேண்டும் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நாப்கின் ஒரு மணி நேரத்தில் இரண்டு முழுக்க நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் உடனே போக வேண்டும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல், மிசோபிரோஸ்டால் எடுத்து ஒரு நாள் கழிந்த பிறகும் இருந்தால், நாற்றமுள்ள வெள்ளை அல்லது சீழ் போனால், மாத்திரைக்கும் அடங்காத வலி இருந்தால் போக வேண்டும். ஒன்று மட்டும் பலருக்குத் தெரியாது: ஒரு நாள் கழிந்த பிறகு காய்ச்சலே இல்லாமல் உடம்பு அடித்துப்போட்டது போலச் சோர்ந்து, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு தொடர்ந்தால், அது கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் அரிய தொற்றாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் வந்தால் மிக வேகமாகக் கொல்லும். மறுபக்கம், மிசோபிரோஸ்டால் எடுத்து 24 மணி நேரமாகியும் ரத்தமே வரவில்லை, அல்லது சில துளிதான் என்றால் மூன்றில் ஒன்று: மாத்திரையில் வீரியமில்லை, கலையவில்லை, அல்லது குழாய் கர்ப்பம். மூன்றாவதை ஸ்கேனில் விலக்காமல் இன்னொரு பெட்டி ஆர்டர் போடாதீர்கள்.

மருத்துவமனைக்குப் போனால் என்ன சொல்வது என்ற பயத்தில் வீட்டிலேயே கிடந்து ரத்தம் இழப்பவர்கள்தான் உண்மையில் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், மருத்துவருக்கு அது உதவும். சட்டத்துக்குப் பயந்து சொல்ல முடியாத நாட்டில் இருந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: தானாகக் கலைந்த கர்ப்பத்தில் ரத்தப்போக்குக்கும் மிச்சம் தங்கியதற்கும் கொடுக்கும் சிகிச்சையேதான் இதற்கும். ஆகவே எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு, சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஆர்டர் போடும் முன் உங்கள் இடத்துச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டு கேட்காத தளத்தில் கொடுக்கும் பெயர், முகவரி, அட்டை எண் எங்கே போகிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பணம் வாங்கியபின் "சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, இன்னும் கட்டுங்கள்" என்று மிரட்டிப் பறிப்பதும், வீட்டில் சொல்லிவிடுவேன் என்று பயமுறுத்துவதும் இந்த வியாபாரத்தில் நடப்பவை. மிரட்டினால் கூடுதலாக ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள்.

இன்னும் தெளிவாகாத சில விஷயங்கள் உண்டு. மிசோபிரோஸ்டால் மட்டும் கிடைத்தால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். 800 மைக்ரோகிராம் மூன்று மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கும் முறை வேலை செய்யும் என்பது உறுதி. எவ்வளவு நன்றாக என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை: பழைய ஆய்வுகளின் தொகுப்பில் ஐந்தில் நான்கு பேருக்குச் சற்றுக் குறைவாகவே அறுவை இல்லாமல் முடிந்தது, அண்மை ஆய்வுகளில் வெற்றி அதைவிட நன்றாகவே கூடியிருக்கிறது. இரண்டு மருந்தும் கிடைக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமில்லை. ரத்த வகை நெகடிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்கப் போடும் ஆன்டி-டி ஊசி போட வேண்டுமா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. 12 வாரத்துக்குள் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலை. வீரியம் குறைந்த மாத்திரையை இரண்டு மடங்காக எடுத்து ஈடுகட்டலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். எவ்வளவு குறைந்திருக்கிறது என்றே தெரியாதபோது எதை இரட்டிப்பது? நீங்கள் வேறொருவருக்காக வாங்குகிறீர்கள் என்றால், அவர் முழு விருப்பத்தோடுதான் எடுக்கிறாரா என்பதை அவரிடம் தனியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள். தெரியாமல் கொடுப்பதும் வற்புறுத்திக் கொடுப்பதும் குற்றம்.

முடிந்துவிட்டதா என்பதை ரத்தத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள். குமட்டலும் மார்பக வலியும் ஒரு வாரத்தில் அடங்க வேண்டும். வீட்டுச் சிறுநீர்ப் பரிசோதனை கர்ப்பம் கலைந்த பிறகும் நான்கு வாரம் வரை இரண்டு கோடு காட்டலாம் என்பதால், அவசரப்பட்டு மறுநாளே பார்த்துப் பதற வேண்டாம், நான்கு வாரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் கோடு வந்தாலோ, அதற்கு முன்பே கர்ப்ப அறிகுறிகள் தொடர்ந்தாலோ ஸ்கேன் வேண்டும். இரண்டு மருந்தும் முறையாக எடுத்தவர்களிலும் நூற்றில் ஒருவருக்குக் கர்ப்பம் தொடர்வதுண்டு, வாரம் கூடக் கூட அந்த எண்ணிக்கையும் கூடும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், மிசோபிரோஸ்டால் பட்ட சிசுவுக்குக் கை கால் குறைபாடும், முக நரம்பு செயலிழக்கும் மோபியஸ் குறைபாடும் வரும் வாய்ப்பு கூடுகிறது. இன்னொன்று: அடுத்த சினைமுட்டை எட்டாம் நாளிலேயே வெளிவரலாம், மாதவிடாய் வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. கருத்தடை மாத்திரையை அன்றோ மறுநாளோ தொடங்கலாம். காப்பர் டி போடுவதானால் முழுக்கக் கலைந்தது உறுதியான பிறகு போட்டுக்கொள்ளலாம்.